வியாழக்கிழமைத் தண்ணீர்

இடுப்பு என்று ஒன்று இருப்பது நடவுக் காலத்தில்தான் தெரியும். காலை ஆறரைக்கு வயலில் குனிந்த மேகலா பதினொன்றரைக்கு நிமிர்ந்தபோது, முதுகின் கீழ்ப்பாதி அவளோடு வர மாட்டேன் என்றது. வரப்பைக் கையால் பிடித்து ஏறி, ஒரு பக்கமாகச் சாய்ந்து உட்கார்ந்து, காலை நீட்டிய பிறகுதான் மூச்சு ஒழுங்காக வந்தது. கால்விரல் இடுக்கில் சேற்றுப்புண் எரிந்தது. தூக்குவாளியைத் திறக்கும் முன் செல்போனை எடுத்துப் பெருவிரலை வைத்தாள். திறக்கவில்லை. சேலைத் தலைப்பில் துடைத்து மறுபடி வைத்தாள். ஐந்து மணி நேரம் சேற்றில் ஊறிய விரலில் ரேகை எங்கே இருக்கும்? கடைசியில் நம்பர் போட்டுத்தான் திறந்தாள்.

"அழிச்சுட்டான்" என்றாள்.

பக்கத்தில் சோற்றைப் பிசைந்துகொண்டிருந்த குந்தவை, "யாரு, எதை?" என்றாள்.

"இளஞ்செழியன் கட்டுரையில நேத்து நான் மாத்தி வச்சதை. பழையபடி கொண்டுவந்து வச்சுட்டான்."

"அதுக்கு ஏண்டி இந்த மூஞ்சி? நட்டதை ஆடு மேஞ்சா மறுபடி நடுறோம்ல. அது மாதிரி நடு."

"நாலு தடவை நட்டாச்சுடி. ஆடு இல்ல இது. படிச்ச ஆடு."

குந்தவைக்குப் புரை ஏறியது. மற்ற பெண்களும் சிரித்தார்கள். மேகலா இணையக் கலைக்களஞ்சியத்தில் எழுதுகிறாள் என்பது தில்லைமேட்டு நடவு ஆட்கள் எல்லோருக்கும் தெரியும். அதற்குக் காசு கிடையாது என்பதும் தெரியும். அதனால் அதைப் பற்றி அதற்கு மேல் யாரும் கேட்பதில்லை.

மேகலாவுக்கு நாற்பத்து நான்கு வயது. திருவாரூருக்குக் கிழக்கே, ஆற்றில் மிஞ்சியது கடைசியாக வந்து சேர்கிற கடைமடை ஊர் தில்லைமேடு. அங்கே பிறந்து அங்கேயே வாக்கப்பட்டவள். அஞ்சல் வழியில் பி.ஏ. வரலாறு முடித்தாள், முடித்தும் நடவுக்குத்தான் போனாள். எட்டு வருடத்துக்கு முன்னால் திருவாரூரில் ஒரு நாள் பயிற்சி வைத்தார்கள், இணையக் கலைக்களஞ்சியத்தில் தமிழில் எழுதுவது எப்படி என்று. அன்றைக்கு நடவு இல்லை, அங்கே மதியம் பிரியாணி என்றார்கள், போனாள். போனவள் அன்று மாலையே சேற்றுப்புண் பற்றி ஒரு கட்டுரை எழுதிவிட்டு வந்தாள். அதில் அவளுக்கு யாரும் சான்று சொல்ல வேண்டியிருக்கவில்லை. ஆனாலும் ஒரு மருத்துவப் புத்தகத்தைத் தேடிப்பிடித்துச் சான்று கொடுத்தாள். இதுவரை இருநூற்றுப் பன்னிரண்டு கட்டுரைகள். பயனர் பெயர் 'கடைமடை'. ஒருமுறை யாரோ அவளுக்கு, 'மதிப்பிற்குரிய பேராசிரியர் கடைமடை அவர்களுக்கு' என்று எழுதியிருந்தார்கள். அதைக் குந்தவை ஒரு வாரம் வயல் முழுக்கச் சொல்லிக்கொண்டு திரிந்தாள்.

இளஞ்செழியன் கட்டுரை அவள் கைக்கு வந்தபோது நாலு வரிதான் இருந்தது. கடைமடை விவசாயிகள், விவசாயத் தொழிலாளர்கள் சங்கத்தின் தலைவர், மூன்று முறை சட்டமன்ற உறுப்பினர், இறந்து நாலு வருடம். அந்த நாலு வரியை வைத்துக்கொண்டு ஊரே சண்டை போட்டது. ஒரு வாரம் 'கடைமடையின் கடவுள்' என்று இருக்கும். அடுத்த வாரம் 'மதகு உடைத்த ரவுடி' என்று இருக்கும். கடவுளையும் ரவுடியையும் தூக்கிப்போட்டுவிட்டு மேகலா மனிதனை எழுத உட்கார்ந்தாள். எட்டு மாதம். பழைய செய்தித்தாள்களுக்காக நூலகம் நூலகமாக அலைந்தாள். நடவு ஆட்களுக்கு மதியம் ஒரு மணி நேர ஓய்வு என்று மிராசுதார்களிடம் எழுதி வாங்கியவர் அவர்தான்; அதற்கு ஒப்பந்த நகலைக் கண்டுபிடித்தாள். மூன்று கட்சி மாறியதை எழுதினாள். மச்சானுக்கு மணல் குவாரி கிடைத்ததை எழுதினாள். ஒரு பெண் அதிகாரியை மேடையில் கேவலமாகப் பேசியதையும், மறுவாரம் அதே மேடையில் கைகூப்பி மன்னிப்புக் கேட்டதையும் எழுதினாள். எழுத எழுத அவர் மேல் அவளுக்கிருந்த மதிப்பு குறையவில்லை. குறை இருந்தும் இவ்வளவு செய்திருக்கிறாரே என்று கூடத்தான் செய்தது.

தீராமல் நின்றது ஒரு வாக்கியம். கட்டுரையின் முதல் பத்தியிலேயே இருந்தது: 'பணியிலிருந்த லஸ்கரைக் கம்பியால் தாக்கி, மதகை உடைத்த குற்றத்துக்காகப் பதினான்கு மாதம் சிறையில் இருந்தவர்.'

லஸ்கர் என்றால் மதகின் ஷட்டரைத் திறந்து மூடுகிற கடைநிலை ஊழியர். பாசனத் துறையின் சாவி அவர் இடுப்பில் இருக்கும். துறையின் ஏச்சும் அவர் தலையில்தான் விழும். தொண்ணூற்றைந்து வறட்சியில், செம்பியன்குறிச்சி மதகில் லஸ்கராக இருந்த ரெத்தினத்தின் மண்டையை இளஞ்செழியன் உடைத்தார், பூட்டை உடைத்தார், எட்டு ஷட்டரையும் தூக்கினார், கடைமடைக்குத் தண்ணீர் வந்தது. இதுதான் எல்லோருக்கும் தெரிந்த கதை. மேகலாவும் அப்படித்தான் நம்பியிருந்தாள். ஏழையை அடித்தது தப்பு, ஆனால் அதையே ஒரு ஆளின் முதல் அடையாளமாக எழுதுவது அதைவிடத் தப்பு என்பது அவள் கட்சி. கீழே வழக்குகள் பகுதிக்கு அந்த வாக்கியத்தை இறக்குவாள். 'வத்ஸன்' என்ற பயனர் மறுபடி மேலே ஏற்றுவார்.

அந்த வத்ஸன்தான் படித்த ஆடு. முழுப் பெயர் ஸ்ரீவத்ஸன், பெங்களூரில் என்ஜினியர். தாத்தா காலம்வரை செம்பியன்குறிச்சியில் நிலம் வைத்திருந்த குடும்பம் என்று அவரே தன் பக்கத்தில் எழுதியிருந்தார். கெட்ட வார்த்தை பேசாதவர். சான்று இருந்தால் தலைவணங்குவார், இல்லாவிட்டால் தலையை வெட்டுவார். மணல் குவாரிக்கு மேகலா சான்று கொடுத்தபோது, 'உங்கள் நடுநிலையை மதிக்கிறேன்' என்று எழுதியவரும் அவர்தான்.

இப்போது கெடு வேறு வந்துவிட்டது. இளஞ்செழியனின் பிறந்தநாளான அடுத்த வெள்ளிக்கிழமை, இந்தக் கட்டுரையைக் கலைக்களஞ்சியத்தின் முதற்பக்கத்தில் வைக்க முடிவு செய்திருந்தார்கள். முதற்பக்கத்தில் முதல் பத்தி மட்டும்தான் தெரியும். பாதி ஜனம் அதைத் தாண்டிப் படிக்காது. அவர்களுக்கு இளஞ்செழியன் என்றால் லஸ்கரை அடித்த ஆள், அவ்வளவுதான்.

அன்று மாலை வத்ஸன் தீர்ப்பின் நகலை ஏற்றியிருந்தார். 'முதன்மையான நிகழ்வு என்பதற்கு இதோ சான்று' என்று ஒரு வரி. ஒன்பது பக்கம். மேகலா அடுப்பில் உலை வைத்துவிட்டுப் படித்தாள். இரண்டாம் பக்கத்தில் கை நின்றது.

'வியாழக்கிழமை காலை சுமார் ஒன்பது மணியளவில் எதிரி இளஞ்செழியன் முந்நூறு பேருடன் மதகுக்கு வந்து...'

"என்னங்க" என்றாள். "அந்த வருஷம் நம்ம ஊருக்குத் தண்ணி என்னைக்கு வந்துச்சு?"

அவள் புருஷன் குணசேகரன் அறுவடை மெஷின் ஓட்டுகிறவன். சம்பா நடவு நேரத்தில் அவனுக்கு வேலை கிடையாது. படுத்துக்கொண்டு டிவியை வைவதுதான் வேலை. "தொண்ணூத்தஞ்சுலயா? நான் அப்ப ஒரத்தநாட்டுல எங்க மாமன் வீட்டு மாட்டைக் குளிப்பாட்டிக்கிட்டு இருந்தேன். என்னையப் போய்க் கேக்குற" என்றான்.

அவனைக் கேட்க வேண்டிய தேவை அவளுக்கு இல்லை. அந்த நாள் அவளுக்கு ஆட்டோடு சேர்த்து ஞாபகம் இருந்தது. வீட்டில் ஒரே ஒரு வெள்ளாடு. பத்தாம் வகுப்புப் பரீட்சைக்குப் பணம் கட்ட வேண்டும். நாற்றங்கால் கருகத் தொடங்கியிருந்ததால் நடவும் இல்லை, கூலியும் இல்லை. பக்கத்து ஊர் வியாழச் சந்தையில் விற்றுவிட்டு வருகிறேன் என்று அம்மா ஆட்டை ஓட்டிக்கொண்டு போனாள். பாதி வழியில் வாய்க்காலைப் பார்த்தவள் ஆட்டோடு திரும்பி ஓடி வந்தாள். தண்ணீர் குப்பையையும் நுரையையும் தள்ளிக்கொண்டு அவள் பின்னாலேயே வந்தது. அப்போது மணி பன்னிரண்டு இருக்கும். இருபது நாள் நடவு கிடைத்தது. பரீட்சைக்குப் பணம் கட்டினாள். ஆடு அடுத்த பொங்கல்வரை இருந்தது.

வியாழச் சந்தை. வியாழக்கிழமைதான் சந்தை.

செம்பியன்குறிச்சி மதகிலிருந்து தில்லைமேட்டுக்கு வாய்க்கால் வழியே முப்பத்து நாலு கிலோமீட்டர். வறண்ட வாய்க்கால் தன் வயிற்றுக்குக் குடித்த பிறகுதான் அடுத்த ஊருக்கு விடும். ஒன்றரை நாளுக்குக் குறைந்து தண்ணீர் வந்ததாகச் சரித்திரமே கிடையாது. தில்லைமேட்டில் கால் முளைத்த குழந்தைக்குக்கூட அது தெரியும். காலை ஒன்பதுக்கு உடைத்த தண்ணீர் மதியம் பன்னிரண்டுக்கு வர வேண்டுமானால் லாரியில் ஏற்றித்தான் அனுப்பியிருக்க வேண்டும்.

சொன்னாள். குணசேகரன் எழுந்து உட்கார்ந்தான்.

"அப்படின்னா செவ்வாய்க்கிழமை சாயங்காலமே திறந்தாச்சுடி."

"பூட்டை வியாழக்கிழமைதானே உடைச்சாங்க?"

"பூட்டை உடைக்காம திறக்கணும்னா..." குணசேகரன் பாதியில் நிறுத்தினான். சாவி வைத்திருந்தது ஒரே ஒரு ஆள்தான்.

இருபத்தொன்பது வருடமாக இது யார் கண்ணிலும் படவில்லை. ஏன் படவில்லை என்றால், தண்ணீர் வந்த கிழமை கடைமடைக்குத் தெரியும். பூட்டு உடைந்த கிழமை மேலே உள்ளவர்களுக்கும் கோர்ட்டுக்கும் தெரியும். இரண்டு பேரும் உட்கார்ந்து பேசிக்கொண்டதே இல்லை. தண்ணீருக்கு நடக்க நேரம் ஆகும் என்று எந்த வக்கீலும் கேட்கவில்லை. டவுன்காரர்களுக்குத் தண்ணீர் என்பது குழாயைத் திருப்பினால் கொட்டுவது.

அப்போதே கட்டுரையின் உரையாடல் பக்கத்தில் எழுதிப் போட்டாள். வியாழச் சந்தை, ஆடு, முப்பத்து நாலு கிலோமீட்டர் எல்லாவற்றையும். பத்து நிமிடத்தில் வத்ஸனின் பதில் வந்தது.

'நினைவு சான்றாகாது என்பது உங்களுக்கே தெரியும். ஆனால் தூரமும் நேரமும் இடிக்கிறது, அதை மறுக்க முடியவில்லை. அந்த ஆண்டு செம்பியன்குறிச்சியில் என் தாத்தாவின் குறுவை கதிர் வாங்கும் நேரத்தில் காய்ந்தது. அவர் சாகும்வரை இளஞ்செழியனைச் சபித்தார். உண்மை வேறு என்றால் எனக்கும் தெரிய வேண்டும். அச்சில் வந்த ஏதாவது ஒன்று போதும். லஸ்கர் குடும்பத்தில் யாராவது ஒரு நாளிதழுக்குப் பேட்டி கொடுத்தால்கூட ஏற்கிறேன்.'

மேகலாவுக்குத் திருவாரூரில் ஒரு நிருபரைத் தெரியும். நூலகத்தில் பழக்கம். போன் போட்டாள். "அக்கா, லஸ்கர் சம்சாரம் வாயத் திறந்தா அரைப் பக்கம் நான் வாங்கித் தர்றேன்" என்றார் அவர்.

ஞாயிற்றுக்கிழமை குணசேகரனின் வண்டியில் கிளம்பினார்கள். லஸ்கர் ரெத்தினம் இறந்து வெகுகாலமாகிவிட்டது. மனைவி பிரகதாம்பாள் செம்பியன்குறிச்சியிலேயே மகன் சாமிதுரையோடு இருந்தாள். வீட்டைக் கண்டுபிடிக்கச் சிரமமில்லை. மதகுக்கு எதிர் வரிசையில் மூன்றாவது. கிழவி வாசலில் உட்கார்ந்து கெளுத்தி மீனைச் சாம்பல் போட்டுக் கல்லில் உரசிக்கொண்டிருந்தாள்.

"யாரு? ரேஷன் கார்டு கணக்கெடுக்கவா?"

"இல்லம்மா. தில்லைமேட்டுலேர்ந்து வர்றோம்."

உரசிய கை நின்றது. "தில்லைமேடா? நட்டாச்சா?"

"நடவு நடக்குதும்மா."

"தண்ணி வருதா?"

"வருதும்மா."

"அப்ப என்னதான் வேணும் உங்களுக்கு?" என்று மறுபடி உரச ஆரம்பித்தாள்.

மேகலா அவளுக்கு எதிரே குந்தி உட்கார்ந்தாள். இடுப்பு பிடித்துக்கொண்டது. பல்லைக் கடித்துக்கொண்டு, "எங்க ஊருக்கு அந்த வருஷம் தண்ணி வியாழக்கிழமை மத்தியானம் வந்துச்சும்மா. இங்க உடைச்சது வியாழக்கிழமை காலையில" என்றாள்.

பிரகதாம்பாள் அவளையே பார்த்தாள். பிறகு சத்தமில்லாமல் தோள் குலுங்கச் சிரித்தாள்.

"எத்தனை வக்கீலு, எத்தனை போலீசு, ஒரு ஜட்ஜு. ஒருத்தன் கேக்கலடி. கடைசியில நாத்து நடுறவ வந்து கேக்குற. உன் கையப் பார்த்தாலே தெரியுது." தெருவின் இரண்டு பக்கமும் பார்த்தாள். "உள்ள வா. உன் ஆம்படையான் வண்டியப் பார்த்துக்கட்டும்."

உள்ளே ஜன்னலைச் சாத்தினாள். மீன் வாடையோடு கை கழுவாமலேயே சொன்னாள்.

"அவரு தண்ணி அளவு பார்க்கக் கடைமடை வரைக்கும் சைக்கிள்ல போவாரு. ஒரு நாள் வந்து சோறு திங்கல. என்னன்னு கேட்டேன். 'பொம்பளைங்க குடத்துல மொண்டு வந்து நாத்துக்கு ஊத்துறாங்கடி, புள்ளைக்குப் பாலு ஊத்துற மாதிரி'ன்னாரு. ரெண்டு நாள் கழிச்சு, செவ்வாய்க்கிழமை, இருட்டுனதும் போய் ஒரே ஒரு ஷட்டர, ஒரு சாண் தூக்கிட்டு வந்து படுத்துட்டாரு. இங்க யாருக்கும் தெரியல. எங்கிட்டகூடப் புதன்கிழமைதான் சொன்னாரு. வியாழக்கிழமை ஓவர்சியர் அளவு பார்க்க வருவான். பார்த்தா மாட்டிக்குவோம்னு அப்பத்தான் பயம் வந்துச்சு. சைக்கிள எடுத்துக்கிட்டு இளஞ்செழியன்கிட்ட ஓடுனாரு."

"அதுக்கு முன்னாடி பழக்கமா அவரு?"

"பழக்கமாவது! மேடையில பார்த்ததுதான். எல்லாத்தையும் கேட்டுட்டு, 'நீ போய்ப் படு, காலையில நான் உடைச்சுக்கிறேன்'னு சொன்னாராம். அவ்வளவுதான் பேச்சு. ஒன்பது மணிக்கு ஆளுங்களோட வந்தாரு. பூட்டை உடைச்சு எட்டையும் தூக்குனாரு, இவரு தூக்குன ஒண்ணு அதுக்குள்ள மறைஞ்சு போச்சு. இவரு சும்மா நின்னா யாரு நம்புவா? 'ஐயா, என்னை ரெண்டு போடுங்க'ன்னு இவரு கெஞ்சுறாரு. அந்த மனுஷன் கம்பியக் கையில வச்சுக்கிட்டு நிக்கிறாரு, அடிக்க வரல. 'உன்னை எப்படிய்யா அடிப்பேன்'னு கண்ணு கலங்குது. நான் அந்தப் புளிய மரத்துக்கிட்ட நின்னு பார்த்தேன். அப்புறம் இவரே போய் மதகுத் தூண்ல மண்டைய மோதிக்கிட்டாரு. ரத்தத்தப் பார்த்ததும் அவரு கம்பியக் கீழ போட்டுட்டு இவரைத் தூக்குனாரு. அதுக்குள்ள ஜீப் வந்துடுச்சு."

பிரகதாம்பாள் மூக்கைச் சிந்தினாள்.

"பதினாலு மாசம். இவரு ஒரு தடவை ஜெயிலுக்குப் பார்க்கப் போறேன்னு கிளம்புனாரு. 'வந்தா காலை ஒடிப்பேன்'னு சொல்லி அனுப்பிட்டாரு. அடிக்காத ஆளை அடிச்சான் அடிச்சான்னு ஊரு பேசுறப்பல்லாம் இவரு அந்தப் பக்கம் திரும்பிக்குவாரு. அப்படியே திரும்பித் திரும்பியே செத்தாரு."

எட்டு மாதமாக மேகலா இளஞ்செழியனைப் பற்றி எழுதிக்கொண்டிருக்கிறாள். அவரை இப்போதுதான் பார்க்கிறாள். அப்புறம் வந்த காரியத்தைச் சொன்னாள். நிருபர், பேட்டி, வெள்ளிக்கிழமை, முதற்பக்கம்.

"அதை யாரெல்லாம் படிப்பாங்க?"

"உலகம் பூராப் படிப்பாங்கம்மா."

"உலகம் படிக்கட்டும். இந்தத் தெரு படிக்குமா?"

மேகலா தயங்கினாள். "படிக்கும்."

"அப்ப வேணாம்."

"அம்மா, அந்த மனுஷன் பேரு கெட்டுக் கிடக்குதே?"

"உட்காரு, சொல்றேன்" என்றாள் பிரகதாம்பாள். குரல் மாறிவிட்டது. "எட்டு ஷட்டரும் தூக்குனதுல இங்க மூணு நாள் தண்ணி பூரா கீழ போச்சு. இருநூறு ஏக்கர் கதிரு பதரா நின்னுச்சு. இந்தத் தெருவுல அன்னைக்கு அடுப்பு எரியாத வீடு எத்தனைன்னு எனக்குத் தெரியும். அந்த வீட்டுக்காரங்க நிலத்தைத்தான் என் மவன் குத்தகைக்குச் செய்யிறான். நாலு ஏக்கர். 'பாவம், ரெத்தினம் நமக்காக அடிபட்டவன்'னு சொல்லிக் கொடுத்த குத்தகை. எந்த முறை வச்சாலும் அவன் வயலுக்குத் தண்ணிய நிறுத்த மாட்டாங்க, அடிபட்டவன் மவன்னு. இப்ப நான் வாயத் திறந்தா என்ன ஆகும்? சாவிய வச்சிருந்தவனே திறந்துவிட்டான், நம்ம பயிரைக் கொன்னவன் அவன்தான்னு ஆவும். நீ வண்டி ஏறிப் போயிடுவ. நாங்க இங்கதான் தண்ணி குடிக்கணும்."

தில்லைமேட்டில் பிறந்தவளுக்கு ஒரு வாய்க்கால் ஊரில் பகையோடு குடியிருப்பது எப்படி என்று யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்லை.

"அவரு செத்தப்ப நான் போகல" என்றாள் பிரகதாம்பாள், கதவைத் திறந்துகொண்டே. "போனா, அடிச்சவன் சாவுக்கு எதுக்குப் போறன்னு கேப்பாங்கள்ல?" வாசலில் சாமிதுரை சைக்கிளை நிறுத்திக்கொண்டிருந்தான். கிழவி குரலை உயர்த்தினாள். "கெளுத்தி வேணும்னா மதகடியில கேளு, தங்கச்சி. நான் விக்கிறதில்ல."

திரும்பும் வழியில் தில்லைமேட்டுப் பாலம் வந்ததும்தான் குணசேகரன் கேட்டான்.

"என்னடி சொல்லுச்சு?"

சொன்னாள். அவன் வண்டியை ஓரமாக நிறுத்தினான். "மூணு கட்சி மாறுன ஆளுன்னு நான் எத்தனை தடவை அந்தாளை ஏசியிருப்பேன்" என்றான். பிறகு, "நிருபருக்கு நீயே சொன்னா என்ன? அந்தம்மா பேரு இல்லாம?" என்றான்.

"சாவி ஒருத்தர்கிட்டதானே இருந்துச்சு. பேரு எதுக்கு?"

வீட்டுக்கு வந்து செல்போனைத் திறந்தபோதுதான் அவளுக்கு உறைத்தது. உரையாடல் பக்கத்தில் அவள் எழுதிய வியாழக்கிழமைக் கணக்கு அப்படியே கிடந்தது. புத்தியுள்ள எவனும் அதைப் படித்தால் குணசேகரனைப் போலவே நாலு நொடியில் ரெத்தினத்தின் சாவிக்கு வந்து சேருவான். அழித்தாலும் பழைய பதிப்பில் இருக்கும். அதைச் செல்லாக்காசு ஆக்க ஒரே வழிதான் இருந்தது.

வத்ஸன் கேட்டிருந்தார்: 'போனீர்களா? சான்று கிடைத்ததா?'

ஆட்டை ஓட்டிக்கொண்டு மூச்சிரைக்க ஓடி வந்த அம்மாவின் முகம் கண்ணுக்குள் நின்றது. அதை வைத்துக்கொண்டே தட்டினாள்: 'அச்சில் வரக்கூடிய சான்று எதுவும் இல்லை. விசாரித்ததில், நான் சொன்ன கிழமை தவறாக இருக்கலாம் என்று தோன்றுகிறது. அப்போது எனக்குப் பதினைந்து வயது. என் குறிப்பைத் திரும்பப் பெறுகிறேன்.'

இருநூற்றுப் பன்னிரண்டு கட்டுரையில் அவள் தெரிந்தே எழுதிய பொய் அது ஒன்றுதான்.

பதில் வர நேரமாயிற்று. வத்ஸன் எழுதுவதும் அழிப்பதுமாக இருந்திருக்க வேண்டும். கடைசியில் வந்தது.

'கிழமை மறப்பது யாருக்கும் நடக்கும். இந்த விவாதத்தை முடிந்ததாகக் குறிக்கிறேன். எங்கள் ஊரில் இதை யாரும் படிக்க மாட்டார்கள், நானும் சொல்லப் போவதில்லை.'

கடைசி வாக்கியத்தை மேகலா இரண்டு முறை படித்தாள். அவருக்குப் புரிந்துவிட்டது. தாத்தாவின் கதிருக்குப் போக வேண்டிய தண்ணீரை முதலில் திறந்துவிட்டது யார் என்று தெரிந்துகொண்டுதான் மனிதர் பூட்டைப் போடுகிறார். படித்த ஆடு என்று சொன்னதற்கு அவள் மனசுக்குள் கன்னத்தில் போட்டுக்கொண்டாள்.

பிறகு தீர்ப்பு நகலைத் திரும்ப எடுத்தாள். ஒன்பது பக்கத்தையும் எழுத்து எழுத்தாகத் துழாவினாள். ஏழாம் பக்கத்தில், இதுவரை அவளும் வத்ஸனும் கண்ணை ஓட்டிவிட்டுத் தாண்டிப்போன இடத்தில் இருந்தது. லஸ்கரை அடித்தீரா என்று நீதிபதி கேட்டதற்கு எதிரியான இளஞ்செழியன் சொன்ன பதில். அதைக் கட்டுரையில் வழக்குப் பகுதியில் சேர்த்தாள்: 'இளஞ்செழியன் குற்றத்தை மறுக்கவில்லை, மேல்முறையீடும் செய்யவில்லை. "ஆமாம், நான்தான். லஸ்கர் மேல் எந்தத் தப்பும் இல்லை" என்று நீதிமன்றத்தில் கூறினார்.' சான்று: தீர்ப்பு, பக்கம் ஏழு. ஒரு சொல் கூட்டவில்லை, குறைக்கவில்லை.

அரை மணி நேரம் கழித்துப் பார்த்தால், முதல் பத்தியிலிருந்த அந்த வாக்கியத்தை வத்ஸனே எடுத்து, கீழே இந்தப் பதிலுக்கு முன்னால் வைத்திருந்தார். மாற்றத்துக்கான காரணம் என்ற கட்டத்தில், 'இதுவே இதன் இடம்' என்று எழுதியிருந்தார். மேலே காலியான இடத்தில் மேகலா மதிய ஓய்வு ஒப்பந்தத்தை வைத்தாள். அதை யாரும் அழிக்கவில்லை.

வெள்ளிக்கிழமை காலை கட்டுரை முதற்பக்கத்தில் வந்தது. குணசேகரன் டீக்கடையில் நாலு பேருக்கு உரக்கப் படித்துக் காட்டிவிட்டு வந்திருந்தான். மதிய ஓய்வு வாங்கிக் கொடுத்தது இவர்தானா என்று இரண்டு இளவட்டங்கள் கேட்டார்களாம். மேகலா நடவுக்குக் கிளம்பிக்கொண்டிருந்தாள்.

"எல்லாம் சரி" என்றான் அவன், வாசலில் நின்றபடி. "கீழ இன்னும் 'தாக்கினார்'னுதானேடி இருக்கு?"

"இருக்கு."

"அது எப்பத்தான் போவும்?"

"அந்தம்மா சொல்றப்ப. இல்ல, அது மவன்கிட்ட சொல்லி, அவன் சொல்றப்ப. சொல்லாமலே போய்ட்டா அப்படியேதான் கிடக்கும்" என்று தூக்குவாளியை எடுத்துக்கொண்டு இறங்கினாள்.

இளஞ்செழியன் ரெத்தினத்தை அடிக்கவில்லை. அந்த ஒரு வரி அவருக்குப் பாக்கி. கொடுக்க வேண்டியவள் மேகலா. இன்னும் கொடுக்கவில்லை.